டெட்ராபீனைல்நாஃப்தலீன்: லேப்ல நானே பண்ண ப்ராடக்டுக்கு ஒரு ரிவ்யூ

மிக்சிக்கு ரிவ்யூ இருக்கு, செல்போன் கவருக்கு ரிவ்யூ இருக்கு, மூணு ரூபா ஊசிக்குக் கூட "முனை கூர்மையா இல்ல, ஏமாத்திட்டாங்க"ன்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு. ஆனா கெமிஸ்ட்ரி லேப்ல வாரா வாரம் "ப்ராடக்ட் வந்துச்சா, ப்ராடக்ட் வந்துச்சா"ன்னு பக்கத்து டேபிள்ல கேட்டுக்கிட்டே திரியறோமே, அந்த ப்ராடக்டுக்கு யாரும் ரிவ்யூ எழுதி நான் பார்த்ததில்ல. சரி நாமளே ஆரம்பிப்போம்.

பொருளோட முழுப்பேரு 1,2,3,4-டெட்ராபீனைல்நாஃப்தலீன். 34 கார்பன், 24 ஹைட்ரஜன், வேற ஒண்ணும் கிடையாது, சுத்தமான அரோமேட்டிக் (பென்சீன் மாதிரி நிலையான வளையம் இருக்கற) ஹைட்ரோகார்பன். நடுவுல நாஃப்தலீன், அதோட ஒரு பக்கத்துல வரிசையா நாலு பென்சீன் வளையம். நாலும் பக்கத்துல பக்கத்துல நெருக்கிக்கிட்டு இருக்கறதால தட்டையா படுக்க இடம் இல்லாம ஃபேன் ரெக்க மாதிரி திரும்பி நிக்கும், பீக் அவர்ல டவுன் பஸ்ல ஒருக்களிச்சு நிக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க.

நான் எம்எஸ்சி நம்ம ஊர்ல முடிச்சுட்டு இங்க அமெரிக்காவுல பிஎச்டி பண்றேன், சம்பளத்துக்கு இளங்கலை பசங்களுக்கு ஆர்கானிக் லேப் எடுக்கணும், டிஏ (டீச்சிங் அசிஸ்டெண்ட்) வேல. மூணு செமஸ்டரா இந்தப் ப்ராடக்ட கட்டி மேய்க்கிறேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

பார்க்க எப்படி இருக்கும்னா, வெள்ளையா ஒரு பொடி. அவ்ளோதான். வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினேன், "இது என்னடா"ன்னாங்க, நாஃப்தலீன் குடும்பம்மான்னேன், "பாச்சை உருண்டை பண்றதுக்காடா அவ்ளோ தூரம் போன"ன்னு கேட்டுட்டாங்க. பாச்சை உருண்டைக்கு இருக்கற வாசனை கூட இதுக்கு கிடையாது, எடை ஜாஸ்தி, சும்மா வச்சா ஆவியா போகாது. பீரோல போட்டா கரப்பான் அது மேல ஏறி உக்காந்துக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா பண்ற விதம் இருக்கே, அங்கதான் காசு வசூல்.

முதல் வாரம் இதோட அம்மாவ பண்ணணும், டெட்ராபீனைல்சைக்ளோபென்டாடையீனோன். பேர சொல்லி முடிக்கறதுக்குள்ள லேப் முடிஞ்சிடும்னு எல்லாரும் சுருக்கமா டெட்ராசைக்ளோன்னுதான் சொல்லுவாங்க. பென்சில்னு மஞ்சளா ஒரு பவுடர் (எழுதற பென்சில் இல்லீங்க), டைபென்சைல் கீட்டோன், ரெண்டையும் சூடான ஆல்கஹால்ல கரைச்சு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல கொஞ்சம் கொஞ்சமா விட்டா ரெண்டு ஆல்டால் கண்டென்சேஷன் அடுத்தடுத்து நடந்து வளையம் மூடிக்கும். வெளிர் மஞ்சளா இருந்தது கண்ணு முன்னாடி கருத்துப்போய் நாவப்பழத்த பிழிஞ்ச மாதிரி ஆயிடும், ஆறவிட்டா கருப்பும் ஊதாவுமா மினுமினுன்னு கிறிஸ்டல். லேப்ல அத்தன பேரும் போன எடுத்து போட்டோ எடுக்கறது அந்த ஒரு வாரம்தான். ஆனா ஒண்ணு, இது பட்ட இடமெல்லாம் ஊதா. விரல், கோட்டு, ரெக்கார்ட் நோட்டு, ஒரு தடவ பாலன்ஸ் தட்டு. என் கோட்டு பாக்கெட்டுல இன்னும் ஒரு கறை இருக்கு, எத்தன தடவ தோச்சும் போகல. (இதே டெட்ராசைக்ளோன் ருத்தீனியத்தோட சேர்ந்து ஷ்வோ கேட்டலிஸ்ட்ங்கற பெரிய ஆளுக்குள்ளயும் உக்காந்திருக்கு, ஹைட்ரஜனேஷன் (ஹைட்ரஜன் ஏத்தறது) பண்றவங்களுக்குத் தெரியும். அம்மா பெரிய இடம், புள்ளதான் சாது.)

ரெண்டாவது வாரம்தான் மெயின் பிக்சர். டெட்ராசைக்ளோன், ஆந்த்ரனிலிக் ஆசிட், ஐசோஅமைல் நைட்ரைட், டைமெத்தாக்சி ஈத்தேன் சால்வெண்ட், ரிஃப்ளக்ஸ் (கொதிக்க விட்டு, மேல போற ஆவிய குளிர வச்சு திரும்ப உள்ளயே விழ வைக்கறது).

இந்த ஆந்த்ரனிலிக் ஆசிட் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1840 வாக்குல நீலச்சாயத்த காரம் போட்டு உருக்கிதான் முதல்ல இத எடுத்தாங்க, பேர்ல இருக்கற 'அனில்' நம்ம 'நீலம்' அரபி, போர்ச்சுகீசு வழியா ஊர சுத்திட்டு வந்த வடிவம்தான், அனிலினுக்கும் அதே கதை. திண்டிவனம் பக்கம் அவுரி போட்டு நீலம் எடுக்கற ஊர்லேர்ந்து ஒருத்தன் எங்க எம்எஸ்சி ஹாஸ்டல்ல இருந்தான், அவங்க தொட்டிகிட்ட அடிக்கற வாசனைய பத்தி சொல்லி சொல்லி சிரிப்பான். இந்த பாட்டில தொறக்கறப்பல்லாம் அவன் ஞாபகம் வரும். இன்னொரு பக்கம் மெத்தகுவலோன்ங்கற போதை மாத்திரைக்கு இது மூலப்பொருள்னு இந்தியாவுலயும் அமெரிக்காவுலயும் கட்டுப்பாட்டு பட்டியல்ல இருக்கு, அதனால கண்ட எடத்துல வைக்க முடியாது, பூட்டு, ரிஜிஸ்டர், எத்தன கிராம் எடுத்தேன்னு கையெழுத்து. அரை கிராமுக்கு நான் போடற கையெழுத்த எங்க தாத்தா நிலப் பத்திரத்துல கூட போட்டிருக்க மாட்டாரு.

இந்த ஆசிட்டும் நைட்ரைட்டும் சேர்ந்தா என்ன ஆகுதுன்னா, ஆசிட்ல இருக்கற அமீன், ரெண்டு நைட்ரஜன் ஜோடியா நிக்கற டையசோனியம் ஆகி, அதுலேர்ந்து நைட்ரஜன் ஒரு பக்கமும் கார்பன் டை ஆக்சைடு ஒரு பக்கமும் பிச்சுக்கிட்டு போயிடும், மிச்சம் நிக்கறது பென்சைன். ஆறு கார்பன் வளையத்துக்குள்ள ட்ரிபிள் பாண்ட வலுக்கட்டாயமா திணிச்ச மாதிரி ஒரு ஜந்து. பாட்டில்ல போட்டு வைக்க முடியாது, எடைபோட முடியாது, பிறந்த உடனே பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்களோட ஒட்டிக்கும். 1942லயே விட்டிக் இப்படி ஒண்ணு இருக்கலாம்னு சந்தேகப்பட்டாரு, 1953ல ராபர்ட்ஸ் ஆளுங்க குளோரோபென்சீன்ல குளோரின் ஒட்டியிருந்த கார்பன கார்பன்-14 ஆல அடையாளம் பண்ணி, பொட்டாசியம் அமைடு விட்டுப் பார்த்தாங்க, அமீன் அந்தக் கார்பன்லயும் பக்கத்துக் கார்பன்லயும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வந்து உக்காந்திருக்கு. நடுவுல ரெண்டு கார்பனும் ஒண்ணு மாதிரியே தெரியற ஒரு ஆள் வந்துட்டு போனாதான் அப்படி ஆகும். நாங்க பண்ற இந்த ஆந்த்ரனிலிக் ஆசிட் வழி 1963ல ஃப்ரீட்மேனும் லோகுல்லோவும் சொன்னது. அவங்களுக்கு கோயில் கட்டணும், ஏன்னா அதுக்கு முன்னாடி அந்த நடுவுல வர்ற டையசோனியம் கார்பாக்சிலேட்ட தனியா பிரிச்சு எடுத்து யூஸ் பண்ணியிருக்காங்க, அது காய்ஞ்சா வெடிக்கும். சுரண்டினாலே போதும். இந்த வழில அது உருவான எடத்துலயே செலவாயிடும், ஃபில்டர் பேப்பர பார்க்கவே வாய்ப்பு இல்ல. அப்படியும் ஒரு பையன், "இத காய வச்சு எடை பார்க்கலாமா"ன்னு கேட்டான் பாருங்க, எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்னுடுச்சு.

இப்ப நான் மூணு செமஸ்டரா அலுக்காம பார்க்கற சீன். ஃபிளாஸ்க்ல நல்ல கருஊதா கொதிச்சுக்கிட்டு இருக்கும், மேலேர்ந்து நைட்ரைட்ட சொட்டு சொட்டா விட விட நுரை பொங்கும், பென்சைன் வந்து டெட்ராசைக்ளோன் மேல ஒட்டும், அது டீல்ஸ்-ஆல்டர் ரியாக்ஷன், ரெண்டு மூலக்கூறு சேர்ந்து புதுசா ஆறு மூலை வளையம் மூடறது. ஒட்டின உடனே நடுவுல பாலம் மாதிரி நிக்கற கார்போனைல், கார்பன் மோனாக்சைடா கழண்டு போயிடும், போன உடனே வளையம் அரோமேட்டிக் ஆகி நிம்மதியா உக்காந்துடும். நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மூணு கேசும் ஒரே குமிழில. ஃப்யூம் ஹுட்டுக்குள்ள (புகைய வெளிய இழுக்கற கண்ணாடிப் பொட்டி) தலைய விடாதீங்கன்னு தொண்ட கிழிய கத்தறது இதுக்குத்தான். இதெல்லாம் போர்டுல அம்புக்குறி போட்டு சொன்னா பாதி பேரு தூங்கிடுவாங்க. ஆனா ஃபிளாஸ்க்ல என்ன நடக்கும்னா ஊதா கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து, சிவப்பாகி, திடீர்னு ஒரு சொட்டுல ஊதா மொத்தமும் காணாம போய் டிக்காஷன்ல தண்ணி கலந்த மாதிரி ஒரு மஞ்சள் பழுப்பு நிக்கும். டெட்ராசைக்ளோன் தீந்துபோச்சுன்னு அர்த்தம். டிஎல்சி (தட்டுல புள்ளி வச்சு பிரிச்சுப் பார்க்கற டெஸ்ட்) வேணாம், மெஷின் வேணாம், கண்ணு போதும்.

ஊதா போகலன்னா? அங்கதான் என் முதல் அனுபவம். பசங்களுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி டிஏ எல்லாரும் ஒரு தடவ பண்ணிப் பார்க்கணும்னு ரூல், நான் எம்எஸ்சி முடிச்ச திமிர்ல, சொட்டு சொட்டா விட பொறும இல்லாம நைட்ரைட்ட மடமடன்னு ஊத்திட்டேன். பொங்கி கண்டென்சர் வரைக்கும் ஏறி வந்துச்சு. பென்சைன் எல்லாம் ஒரே நேரத்துல பிறந்து, டெட்ராசைக்ளோன தேடிப் போகாம தங்களுக்குள்ளயே கட்டிப் புரண்டு தாரா போயிடுச்சு, ஊதா மட்டும் அப்படியே நின்னு என்ன முறைச்சுது. மறுபடி கொஞ்சம் ஆசிட், கொஞ்சம் நைட்ரைட்னு போட்டுதான் காப்பாத்தினேன். அதுக்குள்ள தலைவலி வேற ஆரம்பிச்சிடுச்சு. ஐசோஅமைல் நைட்ரைட் ரத்தக்குழாய விரிச்சு விடும், 1867லயே பிரண்டன்னு ஒரு டாக்டர் நெஞ்சுவலிக்கு இத மோந்து பார்க்க வச்சு குடுத்தாரு. நெஞ்சுவலி இல்லாதவன் மோந்தா முகம் சிவந்து மண்டைக்குள்ள தவில் வாசிக்கும். ஹுட்டோட கண்ணாடிய கீழ எறக்கி வச்சு வேல பாருங்க, அவ்ளோதான் சொல்வேன்.

யீல்ட் கணக்கு: ஒரு கிராம் டெட்ராசைக்ளோன் போட்டா முழுசா வந்தா 1.12 கிராம் வரணும். எனக்கு அந்த முதல் தடவ 0.41. இப்பல்லாம் 0.74, 0.78 வருது, கை பழகிடுச்சு. ஐசோபுரோபனால்ல ரீகிறிஸ்டலைஸ் பண்ணி வடிகட்டினா பளிச்னு இருக்கும்.

இப்ப இந்தப் ப்ராடக்டோட நிஜமான ஸ்பெஷாலிட்டிக்கு வரேன், நான் அசிங்கப்பட்ட கதையும் அதுலதான் இருக்கு.

நம்ம ஊர் லேப்ல மெல்டிங் பாயிண்ட் பார்த்தவங்களுக்குத் தெரியும். பாரஃபின் கருகிப்போய் எஞ்சின் ஆயில் கலர்ல இருக்கும், பொடி அடைச்ச கேப்பிலரிய (மெல்லிசு கண்ணாடிக் குழாய்) தெர்மாமீட்டரோட நூல் போட்டு கட்டி, கீழ பர்னர ஆட்டி ஆட்டி காட்டணும். அத விடுங்க, உருகறதுக்கு முன்னாடியே எத்தனைல உருகணும்னு நமக்குத் தெரியும். அசெட்டனிலைடா, 114. மெட்டா டைநைட்ரோபென்சீனா, 90. 109ல உருகிட்டா? ரெக்கார்டுல 113. போன வருஷ சீனியர் நோட்டுல 113தான் இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷமும் அதேதான் இருந்திருக்கும். நான் சாமியார் இல்ல, நானும் அப்படித்தான் எழுதினேன்.

அதோட ரெண்டு வேதவாக்கு மண்டைல ஆணியடிச்ச மாதிரி இருக்கும். ஒண்ணு, அழுக்கு இருந்தா மெல்டிங் பாயிண்ட் எறங்கும், ஏறாது. ரெண்டு, ஒரு தடவ உருகின கேப்பிலரிய திரும்ப யூஸ் பண்ணாத, தூக்கிப் போடு, புதுசா அடை.

முதல் செமஸ்டர்ல ஒரு பையன். சோம்பேறின்னா அப்படி ஒரு சோம்பேறி. ரிப்போர்ட்ல மெல்டிங் பாயிண்ட் 203லேர்ந்து 205ன்னு எழுதியிருந்தான். என் கையில இருந்த ஆன்சர் கீல 196லேர்ந்து 199. எனக்கு ஒரே குஷி. மாட்டிக்கிட்டான்டா! உருகுநிலை ஏறுமா எங்கயாவது? தெர்மாமீட்டர தப்பா படிச்சிருக்கான், இல்லன்னா எதையோ பார்த்து எழுதியிருக்கான்னு முடிவு பண்ணி அஞ்சு மார்க் கழிச்சு சிவப்புல ஒரு பெரிய கேள்விக்குறியும் போட்டேன். அவன் சண்ட போடல. அடுத்த வாரம் வந்து ரொம்ப சாதாரணமா, "முதல் தடவ உருகறப்ப நான் போன் பார்த்துக்கிட்டு இருந்தேன், நம்பர விட்டுட்டேன், புது கேப்பிலரி அடைக்க சோம்பலா இருந்துச்சு, அதையே ஆற விட்டு திரும்ப சூடு பண்ணேன், இதுதான் வந்துச்சு"ன்னு சொல்லிட்டு போயிட்டான்.

எனக்கு என்னமோ உறுத்திச்சு. சாயங்காலம் லேப் காலியான அப்புறம் என்னோட சாம்பிள எடுத்து அடைச்சு மெதுவா ஏத்தினேன். 197ல வேர்க்க ஆரம்பிச்சுது, 199ல கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. சரிதானேன்னு நினைச்சுக்கிட்டு, மெஷின ஆற விட்டேன், உள்ள மறுபடி வெள்ளையா உறைஞ்சுது. திரும்ப ஏத்தினேன். 197 வந்துச்சு, அசையல. 199, 200, 201. எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு. 203ல கொஞ்சம் ஈரம், 205ல மொத்தமும் தண்ணி.

ஒரே பொருள், ஒரே குழாய், ரெண்டு உருகுநிலை. காரணம் சிம்பிள்தான், இதுக்கு ரெண்டு கிறிஸ்டல் வடிவம். சால்வெண்ட்லேர்ந்து வர்றப்ப மூலக்கூறுங்க ஒரு மாதிரி அடுக்கிக்கும், அது 196லேர்ந்து 199ல உருகும். உருகினது ஆறி உறையறப்ப வேற மாதிரி அடுக்கிக்கும், அத பிரிக்க இன்னும் அஞ்சாறு டிகிரி ஜாஸ்தி வேணும். சொல்லப்போனா, உருகின கேப்பிலரிய திரும்ப யூஸ் பண்ணாதன்னு சொல்றதுக்கே இதுவும் ஒரு காரணம், உறையறப்ப வேற வடிவத்துக்கு மாறிடலாம்னுதான். பத்து வருஷமா அந்த ரூல மத்தவங்களுக்கும் சொல்லியிருக்கேன், எதுக்குன்னு ஒரு நாளும் யோசிக்கல. பையன் சோம்பேறித்தனத்துல கண்டுபிடிச்சிட்டான். என் ஆன்சர் கீயோட ரெண்டாவது பக்கத்துல இந்த ரெட்டை உருகல் விஷயம் ஒரு வரியா இருந்துச்சு, நான் முதல் பக்கத்தோட நிறுத்தியிருந்தேன். அஞ்சு மார்க்க திருப்பிக் குடுத்து மெயில் போட்டேன். "கூல், தேங்க்ஸ்"னு பதில் வந்துச்சு. அவனுக்கு அது அவ்ளோதான்.

குறைங்க இல்லாம இல்ல. என்எம்ஆர் (ஒவ்வொரு ஹைட்ரஜனும் எங்க இருக்குன்னு காட்டற டெஸ்ட்) எடுத்தீங்கன்னா எல்லா ஹைட்ரஜனும் அரோமேட்டிக் ஏரியாவுலயே வந்து குமிஞ்சு கிடக்கும், திருவிழா கூட்டத்துல ஆள தேடற கதை, பசங்களுக்கு அதுல படிக்க ஒண்ணும் இல்ல. ஐஆர்தான் (அகச்சிவப்பு ஒளி விட்டு எந்த பாண்ட் இருக்குன்னு பார்க்கறது) உருப்படி, அம்மாகிட்ட 1710 பக்கத்துல ஈட்டி மாதிரி எறங்கற கார்போனைல் புள்ளகிட்ட சுத்தமா காணோம், அத ஒண்ண மேல ஒண்ணு வச்சுக் காட்டினா "ஓ, கார்பன் மோனாக்சைடு போயிடுச்சுல்ல"ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. வேஸ்ட் பாட்டில் சீக்கிரம் நிறைஞ்சிடும். பண்ணி முடிச்ச பொருள வச்சு அடுத்து பெருசா எதுவும் செய்யறதும் இல்ல, எடை போட்டு, உருக்கிப் பார்த்து, குப்பிய என்கிட்ட குடுத்துட்டு போயிடுவாங்க. என் அலமாரில மூணு செமஸ்டர் வெள்ளப் பொடி லேபிளோட நிக்குது.

இதே விலைல வேற என்ன கிடைக்கும்னு பார்த்தா, ஆந்த்ரசீனும் மேலிக் அன்ஹைட்ரைடும் போட்டு பண்ற டீல்ஸ்-ஆல்டர் இருக்கு, பத்திரமான ஐட்டம், தலைவலி கிடையாது, ஆனா தயிர்சாதம். அதே பென்சைன ஆந்த்ரசீன் மேல விட்டா ட்ரிப்டிசீன், மூணு ரெக்க வச்ச காத்தாடி மாதிரி அழகான மூலக்கூறு, ஆனா கண்ணுக்கு கலர் காட்டாது, நடந்துச்சா இல்லையான்னு குருட்டாம்போக்குல பண்ணணும். டெட்ராசைக்ளோனோட டைபீனைல்அசிட்டிலீன சேர்த்து பயங்கர சூட்டுல விட்டா ஹெக்சாபீனைல்பென்சீன், ஒரே பென்சீன சுத்தி ஆறு பென்சீன், ஊதா அங்கயும் போகும். ஆனா அது உருக 450 டிகிரிக்கு மேல வேணும், நம்ம மெஷினு அதுக்குள்ள புகை விட்டுடும். கலரும் வேணும், உருக்கிப் பார்க்கவும் முடியணும்னா இது ஒண்ணுதான்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். ஒண்ணு குறைச்சது அந்த தலைவலிக்கும் கோட்டு கறைக்கும். வாங்கலாமான்னா, பொடிய காசு குடுத்து வாங்கறதுல ஒரு அர்த்தமும் இல்ல, பண்ணணும். நல்லா இழுக்கற ஃப்யூம் ஹுட்டும் தலைக்கு மேல நின்னு பார்க்க ஆளும் இல்லாத லேப்ல வேணவே வேணாம், வீட்டுல மொட்டமாடில ட்ரை பண்றேன்னு எவனாவது கிளம்பினா அவன் அப்பா நம்பர குடுங்க.

இப்ப ரெண்டாவது செமஸ்டர்லேர்ந்து எல்லாரையும் ஒரே குழாய ரெண்டு தடவ உருக்கச் சொல்லிடறேன், எதுக்குன்னு முன்கூட்டி சொல்றதில்ல. போன வாரம் ஒரு பொண்ணு மெஷின் பக்கத்துலயே இருபது நிமிஷம் நகராம நின்னுட்டு வந்து, ரெண்டு நம்பர் வந்திருக்கு, எது கரெக்ட், ரிப்போர்ட் ஷீட்ல ஒரு கட்டம்தானே இருக்குன்னு கேட்டா. ரெண்டையும் எழுதுன்னேன். கட்டத்துல எடம் பத்தல, ரெண்டாவத மார்ஜின்ல குறுக்கால எழுதி அம்புக்குறி போட்டுக் குடுத்துட்டு போனா.